தரைத்தளத்தில் ஒரு வீடு

வசந்தம் காலனி,
சிங்காநல்லூர், கோவை.
12.6.95

அன்புள்ள தங்கச்சி பாவாத்தாளுக்கு அண்ணன் கருப்புசாமி எழுதுவது. நானும் உன் அண்ணியும் கௌதமனும் சுகமாக இருக்கிறோம். உனக்கு இளைப்பு எப்படி இருக்கிறது, அன்புக்கரசி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. இனிமேல் கொழுந்து பறிக்க உன் நெஞ்சு தாங்காது என்று எஸ்டேட் டாக்டர் எழுதிவிட்டதையும், டிசம்பரோடு உன்னை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் படித்துவிட்டு அண்ணியும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததா.

ஒரு நல்ல சேதி. எங்கள் காலனிக்குத் தெற்கே முள்ளுச்செடி மண்டி ஆறு ஏக்கர் காலியாகக் கிடக்கிறதே, போன தடவை வந்தபோது நீகூட ‘இத்தனை இடத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்காங்களே’ என்றாய். அது மாநகராட்சி இடம். அதில் வீடில்லாதவர்களுக்கு மூன்று அடுக்கில் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டித் தரப்போகிறார்கள். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், குழாய். டவுனுக்குள் சொந்தக்காரர் முகவரி இருந்தால் வெளியூர்க்காரரும் மனுப் போடலாமாம். நான் நேரில் போய் விசாரித்துவிட்டேன். என் முகவரியே போதும்.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்புக்கரசியை இங்கே நர்ஸ் படிப்பில் சேர்க்கலாம். நீ கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பாய். பயப்படாமல் இரு அம்மணி.

உன் அண்ணன்,
கருப்புசாமி

*

வால்பாறை
24.6.95

அண்ணனுக்கு பாவாத்தா கும்பிட்டு எழுதிக்கறதுங்க. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம். அண்ணிக்கு முட்டி வலி தேவலைங்களா? கௌதமன் கண்ணுக்கு வேலை ஏதாச்சும் ஆச்சுங்களா?

இங்க மழை புடிச்சு ஊத்துது. துணி காயறதில்லை, வெறகு எரியறதில்லை, அட்டை மட்டும் கொழுத்துப்போய் அலையுது. மனுவுல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கறேன். பாவாத்தாள்னு எழுதி முடிக்கறதுக்குள்ள பேனா ரெண்டு வாட்டி நின்னுபோச்சு. மழைக்கு அதுக்கும் இளைப்பு வந்துபோச்சாட்டமிருக்குது!

இங்கத்த சட்டம் உங்களுக்குத் தெரியுமே. வேலையாளுங்க பேரெழுதற செக்ரோல்ல ஊட்டு ஆள் ஒருத்தர் பேரு இருக்கோணும். இருந்தா ஊடு, இல்லீனா மூட்டையைக் கட்டோணும். என் பேரை அடிச்சுப்போட்டு அந்த எடத்துல அன்புக்கரசி பேரை எழுதிக்கலாம்னு மேஸ்திரி இப்பவே தேனொழுகச் சொல்லிட்டுப் போறாரு. பன்னெண்டாவது பாஸ் பண்ணுன புள்ளைங்ணா! அவ முதுகுல கூடையை மாட்டி உட எனக்கு மனசு வல்லீங்க. அவங்கப்பன் இருந்திருந்தா மேஸ்திரி சட்டையைப் புடிச்சிருப்பாரு.

உங்க ஊட்டுக்கே வந்துருன்னு அண்ணி அன்னிக்குச் சொன்னாங்க. வாரம் பத்து நாளைக்குச் சரிங்க. அப்புறம் அந்த ரெண்டு ரூமுல அண்ணி மூஞ்சியை நானும் என் மூஞ்சியை அவங்களும் பார்த்துட்டு உக்காந்திருக்கோணும். அதெல்லாம் வேண்டாம். தனி ஊடு வரட்டும், தெனமும் வந்து அண்ணிகூடச் சண்டை போட்டுட்டுப் போறேன்.

ஒண்ணே ஒண்ணுங்க, மாடி வேண்டாம். ரெண்டு படி ஏறுனாலே மூச்சு வாங்குது. தரையோட இருக்கற ஊடாச் சொல்லி வையுங்க. இளைப்புக்குச் சுக்குத்தண்ணிதான் குடிக்கறேன். என் கல்யாணத்துக்கு மூடி மேல ‘கருப்புசாமி அன்பளிப்பு’ன்னு பேரு வெட்டிக் குடுத்தீங்களே எவர்சில்வர் தூக்குப்போசி, அதுலதான் காட்டுக்கும் கொண்டு போறேன், ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போறேன். பக்கத்து ஊட்டுப் பழனியாத்தா, ‘உன்னைப் பொதைக்கறப்ப அதையும் கூட வெச்சுத்தான் பொதைக்கோணும்’ங்கறா. அவ வாயை வெச்சுட்டு அவ சும்மாவா இருப்பா.

அன்புக்கரசி இந்தக் கடுதாசியைப் படிச்சுப்போட்டு, மாமன் வீட்டுக்கு எதுத்தாப்பலயே வீடு வேணும்னு எழுதச் சொல்றா. எழுதிப்போட்டேன்.

உங்க தங்கச்சி,
பாவாத்தாள்

*

சிங்காநல்லூர்
18.7.95

அன்புள்ள பாவாத்தாளுக்கு. இங்கு அனைவரும் நலம். அண்ணிக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உன் இளைப்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடு.

மனுவைக் கொடுத்துவிட்டேன். தரைத்தளம் என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இடத்தைப் போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதை வெட்டமாட்டார்கள் என்று சர்வேயர் சொன்னார். அந்தப் பக்கமாகக் கிடைத்தால் உனக்குக் காற்றோட்டமாக இருக்கும்.

காலனியில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது. நான்தானே குடியிருப்போர் சங்கச் செயலாளர், எல்லாம் என் காதுக்கு வந்துவிடுகிறது. பையன்களுக்குக் கிரிக்கெட் விளையாட இடம் போய்விடும், சாக்கடை நிரம்பிவிடும், திருட்டு வரும், தங்கள் வீட்டு மதிப்பு இறங்கிவிடும் என்கிறார்கள். போன வாரம் சங்கக் கூட்டத்தில் இதே பேச்சுத்தான். தலைவர் லட்சுமணசாமி அவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பம்ப் செட் கம்பெனி வைத்திருப்பவர், அதிர்ந்து பேசமாட்டார். நான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை, இங்கே கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் வருவார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். அன்றைக்கு நான் எழுந்து பேசுவேன். வீடில்லாமல் இருப்பது என்னவென்று இந்தக் காலனியில் என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

உன் அண்ணன்,
கருப்புசாமி

*

வால்பாறை
2.8.95

அண்ணனுக்கும் அண்ணிக்கும் கும்பிடுங்க. நாங்க நல்லா இருக்கறோம், நீங்களும் அப்படித்தான் இருப்பீங்கன்னு நெனைக்கறேன்.

ஏனுங்ணா, நீங்க மைக்குல பேசப் போறீங்களா? அட சாமி! பள்ளிக்கூடத்துல சுதந்திர தினத்துக்கு உங்களை மேடையில ஏத்தி உட்டப்ப, ‘பெரியோர்களே’ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத் தொண்டை வத்திப்போய் நின்னீங்களே, ஞாபகமிருக்குதுங்களா? அம்மா கீழ இருந்து, ‘அட யாராச்சும் எம்பையனுக்குத் தண்ணி குடுங்களே’ன்னு கத்துனா. ஊரே சிரிச்சுது. எனக்கு இப்ப நெனச்சாலும் சிரிப்பு நிக்கறதில்லை.

நானும் கூட்டத்துக்கு வாரேனுங்க. எங்கண்ணன் பேசறதை நான் கேக்காம வேற யாரு கேப்பா? வேப்பமரத்தையும் பார்த்தாப்பல இருக்கும். அன்புக்கரசி நர்ஸ் படிப்புக்கு என்னென்ன வேணும்னு பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வந்திருக்கறா. பழனியாத்தாளுக்கு இப்பவே ஊசி போடறாப்பல வேசம் கட்டிக் காட்டிட்டுத் திரியறா. இந்த ஊட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க.

நான் வரட்டுங்களா, என்னன்னு எழுதுங்க.

பாவாத்தாள்

*

சிங்காநல்லூர்
19.8.95

பாவாத்தாளுக்கு, நலம். நீ வரவேண்டாம். இந்த மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி இறங்குவது உன் உடம்புக்கு ஆகாது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை லட்சுமணசாமி அவர்களும் அவர் சம்சாரம் ராமாமணி அம்மாவும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நாங்கள் இந்தக் காலனிக்கு வந்து இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். கௌதமன் என்ன படித்திருக்கிறான் என்று விசாரித்தார்கள். காலனி சார்பில் கூட்டத்தில் செயலாளரே பேசினால் பொருத்தமாக இருக்கும், உங்களைப் போல ஒருத்தர் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று லட்சுமணசாமி சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

ராமாமணி அம்மா காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். அந்த டம்ளரைப் பற்றி அண்ணி ரெண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கருப்புசாமி

*

வால்பாறை
24.9.95

அண்ணனுக்கு பாவாத்தா எழுதறது. சுகந்தானுங்க. அங்கயும் சுகம்னு நெனைக்கறேன்.

கூட்டம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகப்போகுது. உங்ககிட்ட இருந்து தாக்கல் ஒண்ணும் வரலை. வேலை அதிகமா இருக்கும். நேரம் கெடைக்கறப்ப எழுதுங்க.

மழை குறைஞ்சிருக்குது. பழனியாத்தாளோட கீழ எறங்குனப்ப தூக்குப்போசி மூடியை எங்கியோ உட்டுப்போட்டேன். இப்ப மேல ஒரு தட்டம் வெச்சு மூடிக்கறேன். நடந்தா ததும்பிச் சேலையெல்லாம் நனையுது.

அன்புக்கரசி நல்லா இருக்கறா.

பாவாத்தாள்

*

சிங்காநல்லூர்
14.10.95

பாவாத்தாளுக்கு, இங்கு யாவரும் நலம்.

கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. நானும் போயிருந்தேன். அதிகாரிகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள். எதிர்ப்பு அதிகமாக இருப்பதால் இந்த இடத்தில் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்று நேற்றுத் தெரிந்தது. வேறு இடம் பார்ப்பார்களாம். எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. மனுப் போட்டவர்களுக்குத் தபால் வராது, நாமேதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

கௌதமனுக்கு லட்சுமணசாமி அவர்களின் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறது. முதல் தேதியிலிருந்து போகிறான். யூனிபாரம் கொடுத்திருக்கிறார்கள்.

தீபாவளிக்கு உனக்குச் சேலையும் அன்புக்கரசிக்குச் சுடிதாரும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடி தொலைந்துவிட்டதாக எழுதியிருந்தாய். ஒரு புதுத் தூக்குப்போசியும் அதில் இருக்கிறது.

எங்களுக்கு எட்டு நாளுக்கு ஒரு தரம்தான் தண்ணீர் வருகிறது.

கருப்புசாமி

*

வால்பாறை
30.10.95

அண்ணனுக்கு. நாங்க சுகம். அண்ணிக்குக் கும்பிடு சொல்லுங்க. கௌதமன் கண்ணுக்கு வேலை கெடச்சது சந்தோசமுங்க. நெசமாலுமே சந்தோசந்தான்.

பார்சல் வந்துச்சு. சேலை நல்ல கெட்டி. அன்புக்கரசி சுடிதாரைப் போட்டுப் பார்த்துட்டு மடிச்சு வெச்சுட்டா. புதுப் போசியும் வந்துச்சு. இதுல பேரு வெட்டலீங்களா?

ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்ணா. அந்தக் கூட்டத்துல நீங்க பேசுனீங்களா?

பாவாத்தாள்

*

சிங்காநல்லூர்
12.12.95

பாவாத்தாளுக்கு, நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீசில் ஆடிட் இருந்தது. அண்ணிக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது எழுந்து நடக்கிறாள்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பல பேர் பேசினார்கள்.

அந்த இடத்தில் பூங்கா வரப்போகிறது. சுற்றிலும் கல் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். வேப்பமரம் இருக்கிறது. நான் இப்போது அந்தப் பக்கம் நடக்கப் போவதில்லை, வடக்கே ரோட்டோரமாகவே போய்விட்டு வருகிறேன்.

அன்புக்கரசியை மட்டும் இங்கே அனுப்பி வை. நம் வீட்டில் இருந்து படிக்கட்டும். ஹாலில் படுத்துக்கொள்வாள். உனக்கு வேறு ஏதாவது வழி பார்க்கலாம்.

கருப்புசாமி

*

வால்பாறை
8.1.96

அண்ணனுக்கு பாவாத்தா எழுதறேன். நாங்க இருக்கறோம். அண்ணிக்குக் காய்ச்சல் உட்டது நல்லதாப்போச்சு.

அன்புக்கரசி பேரை செக்ரோல்ல எழுதிப்போட்டாங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து போறா. என்னோட கூடையையேதான் எடுத்துட்டுப் போறா, வாரை மட்டும் இறுக்கிக் கட்டிக் குடுத்தேன். சாயங்காலம் வந்தா விரலெல்லாம் கீறிக் கறை புடிச்சுக் கெடக்குது. தேங்காயெண்ணெ தடவி உடறேன். அழுகறதில்லை. மாமன் ஊட்டுக்கு எதுத்தாப்பல ஊடு வருதுன்னியேம்மான்னு ஒரு வாட்டிகூடக் கேக்கலை. கேட்டு என்னைத் திட்டியிருந்தா தேவலைங்க. எங்களுக்கு ஊடு இருக்குது.

அவளை மட்டும் அனுப்பச் சொன்னீங்க. அவ வந்துட்டா இந்த ஊடு போயிருமுங்ணா. அது உங்களுக்கு மறந்திருக்காது.

நான் அன்னிக்குக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். வேண்டாம்னு நீங்க எழுதியும் கேக்காம, முந்தின நாளே எறங்கிப் பொள்ளாச்சியில பழனியாத்தா மக ஊட்டுல தங்கிட்டுக் காலைல பஸ் புடிச்சு ரெண்டு பேரும் வந்தோம். கூட்டம் முடிஞ்சதும் பின்னால வந்து தோளைத் தட்டி உங்களை மெரட்டோணும்னு கடைசி வரிசையில உக்காந்திருந்தேன்.

நீங்க மைக்கைப் புடிச்சு, ‘நானே லைன் வீட்டில் பிறந்தவன், நான் ஏழைகளுக்கு எதிரி இல்லை’ன்னு ஆரம்பிச்சீங்க. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. பக்கத்துல இருந்தவங்ககிட்ட எங்கண்ணன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் ‘ஆனால்’ன்னீங்க.

அத்தோட உங்களுக்குத் தொண்டை வத்திப்போச்சு. வாயைத் தொறந்துட்டு நின்னீங்க. அம்மா கத்துனாளே, அதேதான். மேடையில இருந்தவங்க ஒருத்தரும் அசையலை. நான் மூடியில சுக்குத்தண்ணி ஊத்தி முன்னால இருந்தவங்ககிட்டக் குடுத்தேன். கை மாறிக் கை மாறி உங்ககிட்ட வந்துச்சு. எதுக்குக் குடுத்தேன்னு கேட்டா எனக்குத் தெரியலை. பழனியாத்தாளும் கேட்டுட்டா. அண்ணனுக்குத் தொண்டை வத்திப்போச்சு, என்கிட்டத் தண்ணி இருந்துச்சு, அவ்வளவுதானுங்க.

குடிச்சுப்போட்டு நல்லாப் பேசுனீங்க. அப்பன் குடிச்சுப்போட்டு வாசல்ல உழுந்து கெடந்தது, பத்து ஊட்டுக்கு ஒரு கொழாய் வெச்சது, அதுக்கு அம்மா கொடத்தைத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போனது எல்லாம் சொன்னீங்க. இப்படிப்பட்டவங்களை ஒரே எடத்துல கொண்டாந்து வெச்சா இங்கயும் அதேதான் நடக்கும்னீங்க. பொய் ஒண்ணும் இல்லீங்க. நம்ம ஊட்டுல நடந்ததுதான். எனக்கு முன்னால இருந்த பட்டுச்சேலைக்காரம்மா, ‘பாருங்க, அவங்க ஆளே சொல்றாரு’ன்னு கையைத் தட்டுச்சு. மண்டபமே தட்டுச்சு. மூடியைத் திருப்பி வாங்கறதுக்கு எனக்குத் தோணலை, எந்திரிச்சு வந்துட்டேன்.

வேப்பமரத்தைப் பார்க்கலாம்னு பழனியாத்தா கூப்புட்டா. வேண்டாம்னுட்டேன்.

கோவம் இருந்துச்சுங்க. ஆவணி பூரா இருந்துச்சு, உங்களை மனசுக்குள்ள வெச்சு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கறேன். இப்ப ஒண்ணுமே இல்லை. பனியில கொழுந்து பறிச்சா கை மரத்துப்போகும் பாருங்க, அப்படி இருக்குது. நான் கேட்டதுக்கு நீங்க ஆமாம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா இத்தனையும் எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணியை மாத்திரை சாப்புடச் சொல்லுங்க. கௌதமன் கண்ணு வேலைக்கு ஒழுங்காப் போகட்டும்.

பாவாத்தாள்

*

சிங்காநல்லூர்
20.1.96

பாவாத்தாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம்.

மூடி தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குக் குடித்துவிட்டு அதை மேசையில் கவிழ்த்தபோது மேலே என் பேர் இருந்தது. தலையைத் தூக்கிக் கடைசி வரிசை வரைக்கும் பார்த்தேன். யார் முகமும் தெரியவில்லை. நீ வந்திருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பற்றிப் பேசினேன்.

மூடியை என் பீரோவில் வைத்திருக்கிறேன். அண்ணிக்குத் தெரியாது. பார்சலில் அனுப்பட்டுமா, வேண்டாமா என்று எழுதவும்.

கருப்புசாமி